எல்லாம் முடிந்ததாக வை

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வாய் இருக்கிற நீளத்துக்குக் கை இல்லை. இது பொன்னுரங்கத்தின் அபிப்பிராயம். சந்தேகம் இருக்கிறவர்கள் காலை ஆறு மணிக்குப் பொதுக் குளியலறை வரிசையில் போய் நின்று பார்க்கலாம்.

"நான் இப்போது பல் துலக்கப் போகிறேன்" என்று ஒருவன் சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வான். துலக்குவான். காதுக்குப் பின்னால் கட்டைவிரலை வைத்து "முடிந்தது" என்பான். அடுத்து நிற்கிற அம்மாள் "நான் முகம் கழுவப் போகிறேன்" என்பாள்; கழுவுவாள்; "முடிந்தது." மூன்றாவது ஆள், "இன்றைக்கு நான் என் தம்பியோடு பேசிச் சமாதானம் ஆகப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவான். இதற்கு மட்டும் "முடிந்தது" வராது. பதினாறு வருஷமாக வரவில்லை. தம்பி பக்கத்து அறையில்தான் குடியிருக்கிறான்.

பொன்னுரங்கம் எதையும் இப்படி வாய்விட்டுச் சொல்லமாட்டார். பல் துலக்குவதை ஊருக்கு அறிவிக்க என்ன இருக்கிறது? உதடு அசையாமல் உள்ளுக்குள் முணுமுணுப்பதோடு சரி. அப்படி முணுமுணுத்ததையும் சில்லு ஒன்று விடாமல் எழுதிக்கொள்ளும் என்பது வேறு விஷயம். அதை இப்போதே சொன்னால் மனுஷன் மானம் போய்விடும்.

ஊரின் பெயர் கருங்குழி. நிலாவின் தென்முனையில், வெயிலையே பார்க்காத ஒரு பள்ளத்தின் கரையில், பாறைக்கு அடியில் இருக்கிறது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். பள்ளத்தில் உறைந்து கிடக்கும் பனியை வெட்டி உருக்கித் தண்ணீரும் மூச்சுக்காற்றும் செய்வது தொழில். பொன்னுரங்கம் ராணிப்பேட்டையில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தவர்; படிப்பு ஐந்தாவது, அதுவும் முழு ஐந்தாவது இல்லை. நாற்பது வயதில் மனைவி பரிமளத்தோடு இங்கே வந்து கதவுப் பிரிவில் சேர்ந்தார். இப்போது எழுபத்தொன்று ஆகிறது.

இங்கே கொஞ்ச வருஷம் இருந்தால் யாருக்கும் ஞாபகத்தில் ஓட்டை விழும். வானத்துக் கதிர் மூளையை அரித்துவிடுகிறது. அதை அடைக்கத்தான் காதுக்குப் பின்னால் நினைவுச் சில்லு. சில்லுக்கும் ஒரு கண்டம் உண்டு. சூரியன் சீறிக் கதிர்ப்புயல் அடிக்கும்போது அது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். திரும்ப எழும்போது ஆள் பாதி வேலையில் நிற்பான். கையில் ஸ்பேனர் இருக்கும்; மாட்ட வந்தோமா கழற்ற வந்தோமா என்று தெரியாது.

அதற்காகச் சில்லுக்குள் வினையேடு என்று ஒன்று வைத்தார்கள். செய்வதற்கு முன்னால் "செய்யப் போகிறேன்" என்று ஒரு வரி. செய்த பின்னால் அந்த வரிக்குப் பக்கத்தில் "முடிந்தது." நடுவில் அணைந்து எழுந்தால், சில்லு ஏட்டைப் புரட்டி, முடியாத வரியை ஆளுக்கு ஞாபகப்படுத்தும். அவ்வளவுதான் சூட்சுமம். பழைய காலத்தில் கணினிகளில் கோப்புகள் பாதியில் கெட்டுப்போகாமல் இருக்கச் செய்து வைத்திருந்த ஏற்பாடாம் இது. மனுஷன் தலைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

ஏட்டில் பொய் செல்லாது. நினைவில் இல்லாத வேலைக்கு "முடிந்தது" என்றால் சில்லு ஒத்துக்கொள்ளாது. வேண்டாத வரியை அடிக்கலாம். அதற்கு "இதை நான் செய்யமாட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எத்தனை பேர் சொல்வார்கள்? வயதான தாயாரோடு பேசுகிறேன் என்று எழுதி வைத்தவன், பேசாமல் ஒன்பது வருஷம் இருப்பான். பேசமாட்டேன் என்று ஒரு தடவை சொல்லச் சொல்லுங்கள், பார்ப்போம்.

இந்தச் சில்லுகள் ஓடுகிற மென்பொருள் தளத்துக்கு ஆலங்கொடி என்று பெயர். அது யாருக்கும் சொந்தமில்லை. யாரும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், இனாம். பொன்னுரங்கத்துக்கு முதல் நாளே அது பிடிக்கவில்லை. இனாமாகக் கொடுக்க அவனுக்கு என்ன வேண்டுதல் என்று கேட்டார். அவர் பயந்த மாதிரி யாரும் ஏமாற்றவில்லை. அதைப் பூமியில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கல்யாணம், பிள்ளை, வேறு வேலை என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசி ஆள், "இனி என்னால் முடியவில்லை, விருப்பமுள்ளவர்கள் எடுத்து நடத்தலாம்" என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். விருப்பமுள்ளவர்கள் எல்லோரும் அடுத்த மாதம் எடுப்பதாகச் சொன்னார்கள். பார்க்க ஆளில்லாமல் தளம் பழுதாக ஆரம்பித்தது; போன புயலில் சில்லு திரும்ப எழாமல் மூன்று பேர் இரண்டு நாள் எழுந்திருக்கவே இல்லை.

ஆக, நொச்சி என்கிற இன்னொரு தளத்துக்கு மாற வேண்டியதாயிற்று. அதுவும் இனாம்தான், ஆனால் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. ஒரே சிக்கல், நொச்சிக்கு வினையேடு என்றால் என்னவென்றே தெரியாது. ஏட்டை அதன் அடுக்குக் குலையாமல் பெயர்த்துக் கொண்டுபோய் நொச்சியில் நட வேண்டும். பம்ப் ஹாலில் வேலை பார்க்கும் பிலோமினா அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். ஐம்பது வயதுக்காரி. ஷிஃப்ட் முடிந்த பிறகு உட்கார்ந்து, யாரும் கேட்காமல், சம்பளமும் இல்லாமல் பதினான்கு மாதத்தில் முடித்தாள். சொன்ன வேலையைச் செய்து முடித்த ஒரே ஆள் என்று பொன்னுரங்கம்கூட ஒத்துக்கொண்டார். உள்ளுக்குள்தான்.

சாப்பாட்டுக் கூடத்தில் ஊரைக் கூட்டினார்கள்.

"நொச்சிக்கு இப்ப ஏட்டைப் படிக்கிறது நல்லா வருது. எழுதுறதும் வருது," என்றாள் பிலோமினா. "ஒரே ஒரு விஷயம். மாறும்போது ஏட்டுல முடியாத வரி ஒண்ணுகூட இருக்கக்கூடாது. பாதியில நிக்கிற வரியை என்ன பண்றதுன்னு நொச்சிக்கு இன்னும் தெரியாது. அதைச் சொல்லிக் கொடுக்க எனக்கு இன்னொரு வருஷம் வேணும். அதனால எல்லாரும் அவங்கவங்க பாக்கியை முடிச்சுட்டு வந்துடுங்க. முடியலேன்னா செய்யமாட்டேன்னு சொல்லி அடிச்சுடுங்க. புயலுக்கு மூணு வாரம் இருக்கு."

கூடத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"ஒரு ஆளுக்கு எவ்வளவும்மா பாக்கி இருக்கும், சும்மா ஒரு கணக்குக்கு?" என்று கேட்டார் கோதண்டபாணி. கதவுப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். பொன்னுரங்கத்தோடு ஒரே கப்பலில் வந்தவர்.

"உங்களுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு அண்ணே."

"எனக்கா கேட்டேன்? மெதுவாச் சொல்லும்மா!"

பின் வரிசையில் பொன்னுரங்கம் சிரித்தார். அந்தச் சிரிப்பு முன் வரிசை வரைக்கும் கேட்டது.

"நீ எதுக்குய்யா சிரிக்கிறே? உனக்கு எவ்வளவு?"

"நான் சொல்றதைச் செய்யறவன். செய்ய முடியாததைச் சொல்றதில்லே."

"எவ்வளவுன்னு கேட்டேன்."

"அதான் சொன்னேனே," என்று எழுந்து போய்விட்டார்.

அடுத்த பத்து நாள் ஊர் சுறுசுறுப்பாக இருந்தது. நகம் வெட்டாதவர்கள் வெட்டினார்கள். பொத்தான் தைக்காதவர்கள் தைத்தார்கள். சின்ன வரிகள் மடமடவென்று குறைந்தன. பெரிய வரிகள் அப்படியே உட்கார்ந்திருந்தன. தம்பியோடு சமாதானம் ஆக வேண்டிய ஆள் தம்பி அறை வாசல் வரை மூன்று தடவை போய், கதவில் கை வைத்து, திரும்பி வந்தான். ஒருவர் ஏடுகூடச் சுத்தமாகவில்லை.

கடைசியில் கோதண்டபாணிதான் வழி கண்டுபிடித்தார். பிலோமினா தன் சோதனைக்காகச் சில்லுக்குள் ஒரு சுவிட்ச் வைத்திருந்தாள். அதன் பெயர் "எல்லாம் முடிந்ததாக வை."

"அது வேணாம் அண்ணே," என்றாள் அவள். "முடிஞ்ச வேலைக்கு நினைவு இருக்கணும்னு சில்லுல விதி. இல்லேன்னா அதுவே பழைய நினைவுல இருந்து வெட்டி ஒட்டி ஒண்ணை ஜோடிச்சுக்கும். செய்யாததைச் செஞ்ச மாதிரி இருக்கும். அதான் மேலயே எழுதி வெச்சிருக்கேன் பாருங்க. 'சோதனைக்கு மட்டும். முடிந்ததும் நீக்கிவிடவும்.'"

"நீக்கிடலாம்மா. யாரு வேணாம்னாங்க? எல்லாரும் மாறட்டும். அப்புறம் முதல் வேலையா நீக்கிடு."

சுவிட்சைத் தட்டி, இரண்டு நாளில் இருநூற்றுப் பதினோரு பேர் மாறினார்கள், பிலோமினா உட்பட. பாக்கி பொன்னுரங்கம்.

"என் மண்டைக்குள்ள கை விட எவனுக்கும் உரிமை கிடையாது" என்று நடைபாதையில் நின்று கத்தினார். காரணம் கேட்டவர்களிடம் இனாம் சரக்கின் யோக்கியதையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். உண்மையான காரணம் வேறு. மாற்றும்போது ஆளின் பாக்கி வரிகளைச் சரிபார்ப்பதற்காகச் சுவரில் போட்டுக் காட்டுவார்கள். அவர் ஏட்டில் ஆயிரத்து நூற்றேழு வரி பாக்கி. அதில் எழுநூற்றுச் சொச்சம் ஒரே வரி: "இந்தச் சனியனை நாளைக்கே கழற்றி எறியணும்." இருபத்தைந்து வருஷமாக, உதடு அசையாமல். மீதியில் பாதி இன்னொரு வரி, திங்கட்கிழமைதோறும் எழுதியது: "நாலாம் கதவுக் கேஸ்கெட்டை இந்த வாரம் மாத்தணும்."

அந்தக் கேஸ்கெட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊரிலேயே ஆழமான இடம் காளான் கூடம். பரிமளம்தான் அதைப் பார்த்துக்கொள்கிறாள். புயல் வந்தால் ஊர் முழுக்க அங்கே போய் அடைந்துகொள்ளும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, மற்ற இடங்களின் காற்றையெல்லாம் உறிஞ்சித் தொட்டியில் அடைத்துவிடுவார்கள். அப்போது நாலாம் கதவுக்கு உள்பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு உயிர். வெளிப்பக்கம் ஒன்றுமே இல்லை. நடுவில் இருப்பது கதவைச் சுற்றி ஓடுகிற ஓர் ஆள் உயர ரப்பர் வளையம், அதாவது அந்தக் கேஸ்கெட். அதில் நான்கு வருஷத்துக்கு முன்னால் முடி அளவு ஒரு வெடிப்பு. இப்போது அதில் நகத்தை நுழைக்கலாம். போன புயலில் காற்றழுத்தம் காட்டுகிற முள் இரண்டு கோடு இறங்கியது. வரப்போகிற புயல் அதைவிடப் பெரிசு.

கதவுப் பிரிவில் பதினோரு பேர். பதினோரு பேர் ஏட்டிலும் இந்த வரி இருந்தது. புது வளையங்களும் ஸ்டோரில் அடுக்கிக் கிடந்தன. ஆனால் மாற்ற ஐந்து மணி நேரம் குந்தி உட்கார வேண்டும். அதுவரை கதவு திறந்து கிடக்கும். காளானுக்குக் குளிர் பிடிக்கும். பரிமளத்தின் வாயில் விழ வேண்டும். அதனால் பதினோரு பேரும் மற்றப் பத்துப் பேருக்காகக் காத்திருந்தார்கள்.

மாறிய மறுநாள் காலை குளியலறை வரிசையைப் பார்க்க வேண்டுமே! எல்லா முகத்திலும் கல்யாண வீட்டுக் களை. அண்ணனும் தம்பியும் எதிரெதிரே வந்தார்கள், சிரித்துக்கொண்டார்கள், போய்விட்டார்கள். சமாதானம் ஆகிவிட்டபடியால் பேச ஒன்றும் இருக்கவில்லை. தாயாரோடு பேசாதவன், "எங்கம்மா குரல்ல தெம்பே வந்துடுச்சு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

பொன்னுரங்கம் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பரிமளம் அவரை ஒரு தினுசாகப் பார்த்தாள்.

"ஏங்க உர்ருன்னு இருக்கீங்க? அதான் மன்னிப்புக் கேட்டுட்டேன்ல?"

"எதுக்கு?"

"உங்க தங்கச்சி கல்யாணத்துல உங்கம்மாவை நான் பேசினதுக்கு."

"எப்போ கேட்டே?"

"போன வாரம். இங்கேதான் உட்கார்ந்திருந்தீங்க. அழுதுட்டீங்க."

"நானா?"

"அழுதா என்னவாம்? நான்தானே பார்த்தேன். வெளியில யார்கிட்டயும் சொல்லலை."

முப்பத்தைந்து வருஷமாக அந்த மன்னிப்புக்குக் காத்திருந்த மனுஷன். அது வந்து, அவர் இல்லாத நேரம் பார்த்துப் போயும் விட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு நாலாம் கதவுக்குப் போனார்.

வளையம் பழையபடியே இருந்தது. நகத்தை விட்டுப் பார்த்தார். விரல் நுனியே உள்ளே போயிற்று. புயலுக்கு ஒன்பது நாள்.

கதவுப் பிரிவு அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னார்.

"அதை நான் மாத்திட்டேனே," என்றான் ஒருவன்.

"நீயா? நான்தான்யா செவ்வாய்க்கிழமை மாத்தினேன்," என்றார் கோதண்டபாணி.

"நானும் மாத்தினேன், வியாழக்கிழமை."

பத்துப் பேரும் மாற்றியிருந்தார்கள். அதில் சண்டை ஒன்றும் வரவில்லை. ஒரு தடவைக்குப் பத்துத் தடவை மாற்றினால் கெட்டியாகத்தானே இருக்கும் என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள்.

"டேய், நான் இப்பதான் பார்த்துட்டு வர்றேன். வெடிப்பு அப்படியே இருக்கு. வேணும்னா போய்ப் பாருங்கடா!"

"அதையும் பார்த்துட்டோம்யா," என்றார் கோதண்டபாணி. போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் அவர்கள் ஏட்டில் ஒரு வரியாக இருந்திருக்கிறது. "நீ ஒரு ஆள்தான் பழைய தளத்துல கிடக்கிறே. உன் சில்லுதான் ஓட்டை. பேசாம மாறிடு."

பொன்னுரங்கம் நேராகப் பம்ப் ஹாலுக்குப் போனார். "ஏம்மா, அந்த சுவிட்சை முதல்ல எடு. எடுத்துட்டு எல்லாத்தையும் திருப்பு."

"அதை அன்னைக்கே எடுத்துட்டேனே அண்ணே."

"எங்கே, காட்டு."

திறந்து காட்டினாள். சுவிட்ச் அதே இடத்தில் இருந்தது. அதன் தலைமேல் 'சோதனைக்கு மட்டும். முடிந்ததும் நீக்கிவிடவும்' என்று அவள் எழுதியதும் இருந்தது. பிலோமினா அதை இரண்டு தடவை படித்தாள். முகம் ஒரு கணம் வெளுத்தது.

"இது... பழைய பிரதியா இருக்கும் அண்ணே. நான் எடுத்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. டீகூடக் குடிச்சுக்கிட்டே எடுத்தேன். எதுக்கும் நாளைக்குப் பார்த்துடறேன்."

மறுநாள் போய்க் கேட்டார். "பார்த்துட்டேன் அண்ணே. சரியா இருக்கு," என்று சிரித்தாள். சுவிட்ச் உள்ளே இருக்கிறவரை, ராத்திரி தூங்கி எழுந்தால் முந்தின நாள் பாக்கி எல்லாம் முடிந்துவிடும் என்பது பொன்னுரங்கத்துக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த ஊரில் இனி எவனும் எந்த வேலையையும் செய்யப்போவதில்லை.

தானே மாற்றிவிடலாம் என்று ஒரு வளையத்தை எடுத்துக்கொண்டு போனார். மேலே ஒரு கை அழுத்த, கீழே ஒரு கை இழுக்க வேண்டிய வேலை அது. மேலே அழுத்தினால் கீழே துள்ளியது. கீழே இழுத்தால் மேலே முகத்தில் அடித்தது. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி, மூக்கு வீங்கியதுதான் மிச்சம். நான்கு வருஷத்துக்கு முன்னால் முழங்கால் நன்றாக இருந்தபோது செய்திருக்க வேண்டிய வேலை. இந்த நினைப்பு வந்ததும் அதைத் துரத்திவிட்டு, கோதண்டபாணியைத் திட்டுவதில் மனசைச் செலுத்தினார். திட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது.

"கோதண்டம், உன் வேலையில எனக்கு நம்பிக்கை இல்லேய்யா."

"என்னது?"

"கேஸ்கெட்டை நீ திருப்பி மாட்டியிருப்பே. ரப்பரோட உதடு வெளிப்பக்கம் வரணும். உனக்கு அது என்னைக்கும் தெரியாது. அந்தக் காலத்துல இரண்டாம் கதவுக்கும் அப்படித்தான் பண்ணினே."

கோதண்டபாணியின் காது சிவந்துவிட்டது. "முப்பது வருஷமாக் கதவு பார்க்கிறவன்கிட்ட வந்து... எழுந்திரு. வா. செவ்வாய்க்கிழமை எப்படி மாட்டினேனோ அப்படியே காட்டறேன். கண்ணைத் திறந்து பார்த்துக்க."

பரிமளம்கூடக் குறுக்கே நிற்கவில்லை. "போன வாரம் பத்து தடவை திறந்து வெச்சாங்களாமே, என் காளானுக்கு ஒண்ணும் ஆகலையே" என்று விட்டுவிட்டாள்.

கோதண்டபாணி சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். பொன்னுரங்கம் ஒத்தாசைக்குக் கையை நீட்டினால், "தள்ளு! நீ டார்ச்சைப் பிடி, போதும்" என்று தட்டிவிட்டார். செய்து காட்ட வந்தவருக்கு எங்கிருந்துதான் அந்த வெறி வந்ததோ, தோளால் மேலே முட்டிக்கொடுத்து, காலால் கீழே மிதித்து, ஒற்றை ஆளாகவே வளையத்தை உருவினார். வெளியே வந்த வளையம் நடுவில் பிளந்து தொங்கியது.

"பார்த்தியா!" என்று கத்தினார். "ஒரு வாரம் ஆகலே, புதுச் சரக்கு. இந்த லட்சணத்துல அனுப்புறானுங்க பூமியிலேருந்து!"

பொன்னுரங்கம் டார்ச்சைச் சரியாகப் பிடித்தார்.

ஐந்து மணி நேரம். புது வளையம் உட்கார்ந்தது, உதடு வெளிப்பக்கமாக. கதவை மூடிக் காற்றை ஏற்றிப் பார்த்தார்கள். முள் அடித்து வைத்த ஆணி மாதிரி நின்றது. "இப்படித்தான்யா செவ்வாய்க்கிழமையும் மாட்டினேன்" என்று கோதண்டபாணி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். பொன்னுரங்கம் திரும்பி நின்று, காதுக்குப் பின்னால் கட்டைவிரலை வைத்து, உதடு அசையாமல் "முடிந்தது" என்றார். பழைய ஆலங்கொடி அதை ஒத்துக்கொண்டது. கேஸ்கெட் வரிகள் அத்தனையிலும் ஒரே அடியில் கோடு விழுந்தது. அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இருநூறு பேரைக் காப்பாற்றியாயிற்று. யாருக்கும் தெரியாமல், தன்னந்தனியாக.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் சுவிட்ச் உள்ளேயே இருக்கிறது. அடுத்த கேஸ்கெட் எப்போது வெடிக்குமோ. புயலுக்கு முந்தின கூட்டத்துக்குப் பிளந்த வளையத்தைத் தூக்கிக்கொண்டு போய் மேஜைமேல் போட்டார்.

"இதைப் பாருங்க. நாலு வருஷத்துப் பழசு. இது போன வாரம் வரைக்கும் கதவுல இருந்துச்சு. நீங்க ஒருத்தரும் எதையும் மாத்தலே."

ஊர் வளையத்தைப் பார்த்தது. கோதண்டபாணி எழுந்தார்.

"கொண்டு வந்தது நல்லதாப் போச்சு. சாட்சிக்கு வேணும்னு நானே தேடிட்டு இருந்தேன். ஒரே வாரத்துல பிளந்திருக்கு பாருங்க. பத்துப் பேர் மாத்தினோமே, பத்தும் இந்தக் கதிதான் ஆகியிருக்கும்!"

வளையத்துக்குப் பின்னால் பத்துப் பேரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். தரமில்லாத சரக்கு அனுப்பியதைக் கண்டித்துப் பூமிக்கு ஒரு புகார் எழுதுவது என்று தீர்மானம் ஆயிற்று. ஆன மாத்திரத்திலேயே பாதிப் பேருக்கு அது எழுதி முடித்த மாதிரி இருந்தது. பிறகு கைதட்டல்.

"ரங்கத்துக்கும் ஒரு கை தட்டுங்கப்பா," என்றார் கோதண்டபாணி பெரிய மனதோடு. "அஞ்சு மணி நேரம் டார்ச் பிடிச்சான்."

"டார்ச்சா? டேய், அந்தக் கேஸ்கெட்டை மாத்தினவனே நான்!"

"உன் கை பட்டுச்சா அதுல?"

பொன்னுரங்கம் பதில் சொல்ல வாயெடுத்தார். கை பட்டதா? ரப்பரின் வழவழப்பு விரலில் இருந்தது. தோளால் மேலே முட்டிக்கொடுத்தது, காலால் மிதித்தது எல்லாம் இருந்தது. கூடவே, ஐந்து மணி நேரம் கையில் பிடித்திருந்த டார்ச்சின் சூடும் இருந்தது. ஏட்டைப் பார்த்தார். "மாத்தணும் – முடிந்தது" என்றுதான் போட்டிருந்தது. ஏடு பொய் சொல்லாது.

பிலோமினா பக்கத்தில் வந்தாள். "அண்ணே, நாளைக்குப் புயல். நீங்க ஒருத்தர்தான் பாக்கி. ரெண்டு நாள் எழுந்திருக்காமக் கிடந்தா அண்ணி என்ன பண்ணுவாங்க? இப்பவே வாங்க, பத்து நிமிஷம்."

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார். ஆலங்கொடி அதை இரண்டு வரியாக எழுதிக்கொண்டது.

பரிமளமும் அவரும் காளான் கூடத்துக்குப் போகிற வழியில் நடந்தார்கள். வழிநெடுக, தான் மாற்றியதை ஊர் ஒத்துக்கொள்ளாததைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

"விடுங்க," என்றாள் பரிமளம். "உங்களுக்கு இது புதுசா என்ன? ராணிப்பேட்டை வீட்டுல குழாயைச் சரி பண்ணிட்டேன்னு சொல்லுவீங்களே, அது மாதிரிதான்."

"சரி பண்ணினேனே!"

"எங்கே பண்ணினீங்க? நாளைக்கு, நாளைக்குன்னு ஆறு வருஷம். வீட்டைக் காலி பண்ற அன்னைக்கும் அடியில பக்கெட் இருந்துச்சு."

"என்ன பேசுறே நீ? பஜார்ல போய் வாஷர் வாங்கிட்டு வந்தேன். கறுப்பு வாஷர். குழாயைக் கழற்றி, வாஷரை வெச்சு, நூல் சுத்தி இறுக்கினேன். சொட்டுறது நின்னுச்சு. அந்த அமைதி இப்பவும் காதுல இருக்கு எனக்கு."

"வாஷர் வாங்கினீங்க. அது கடைசி வரைக்கும் ஜன்னல்லயே இருந்துச்சு. நான்தான் தூக்கிப் போட்டேன்."

"உன் சில்லு கெட்டுக் கிடக்கு, பரிமளம். கண்டதையும் வெட்டி ஒட்டி வெச்சிருக்கானுங்க அதுல."

"என் சில்லு எப்படியோ போகட்டும்," என்றாள் அவள். "அன்னைக்கு உங்களுக்கு ஏது சில்லு?"

பொன்னுரங்கம் நின்றுவிட்டார். ஸ்பேனர் கையில் ஜில்லென்று இருந்தது. நூல் நுனியைப் பல்லால் கடித்து அறுத்தது நாக்கில் இருந்தது. கடைசிச் சொட்டு விழுந்து, அதற்கப்புறம் வேறு சொட்டு விழவில்லை. எவ்வளவு துலக்கமாக இருக்கிறது! காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தார். பிறகு, அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று கையை எடுத்துக்கொண்டார்.

"சரி பண்ணினேன்," என்றார்.

"சரிங்க."

"நிஜமாப் பண்ணினேன்டீ."

"அதான் சரின்னுட்டேனே," என்று பரிமளம் காளான் தட்டுகளைப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.

அவர் அவள் பின்னால் போகவில்லை. திரும்பி, வந்த வழியிலேயே நடந்தார். எதிரே வந்த அண்ணனும் தம்பியும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. வாஷர், நூல், ஸ்பேனர் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே, யாரோ இன்னும் மறுத்துப் பேசிக்கொண்டு கூடவே வருகிற மாதிரி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு போனார்.